இலங்கைத்துறையில் ஆளில்லாத வகுப்பறை

போன ஆவணியில் திருகோணமலைக்குப் போனது கடற்கரை பார்க்க அல்ல. கொழும்பில் என்னோடு வேலை செய்பவர்கள் சிலர் சேர்ந்து, இலங்கைத்துறையில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு மாலை வகுப்புக்கென ஒரு கட்டடம் கட்டிக் கொடுத்திருந்தோம். அதில் பிள்ளைகளே இல்லை என்று ஒரு செய்தி வந்தது. உண்மையென்றால் ஆசிரியைக்குக் கொடுக்கும் உதவித்தொகையையும் நிறுத்திவிடலாம் என்றார்கள். பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

திருகோணமலையிலிருந்து கிண்ணியாப் பாலம் வழியாக மூதூருக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர். காலை பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. அங்கிருந்து ஓட்டோ. காத்திருந்து திருப்பிக் கொண்டுவர ஆறாயிரம் ரூபாய் பேசினேன். ஓட்டுநர் றிஸ்வான் நானா ஈச்சிலம்பற்று வரை ஓயாமல் கதைத்தார். கட்டடம் எங்கே இருக்கிறது என்று சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது.

"கொண்டுபோய் விடுறன் தங்கச்சி. உள்ளுக்கு வர ஏலாது."

அங்கே எனக்காகக் காத்திருந்த ஆசிரியை சுஜித்தாவும் வாசலோடு நின்றுகொண்டாள். நான் மட்டும் உள்ளே போனேன். தரை பளிச்சென்று கூட்டியிருந்தது. கரும்பலகை துடைத்திருந்தது. பிள்ளைகள் உட்காரும் நீள வாங்குகள் நேர் வரிசையில் இருந்தன. பல மாதமாக யாரும் படிக்காத இடம் இப்படியா இருக்கும்?

படம் எடுப்பதற்காகப் பலகைப் பக்கம் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் கிசுகிசுப்பு. ஆசிரியர் திரும்பியதும் வகுப்பில் எழுமே, சிரிப்பை அடக்கிய அந்தச் சத்தம். பட்டென்று திரும்பிப் பார்த்தேன். அடங்கிவிட்டது. வெளியே காற்றுக்கூட இல்லை; பட்டப்பகல்.

"கேட்டதோ மிஸ்?" வாசலிலிருந்து சுஜித்தா கேட்டாள்.

"இது என்ன இடம்?"

"சுனாமியில செத்த பிள்ளையளை எடுத்து இங்கதான் கிடத்தினவை. பிறகுதான் கொண்டுபோய்த் தாட்டது. கட்ட வந்தவை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை. சும்மா வாறதை வேண்டாமெண்டு சொல்ல எங்களுக்கும் வாய் வரேல்லை."

சுஜித்தா கூட்டிப்போய்க் காட்டினாள்; பிள்ளைகள் படிப்பை விடவில்லை. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் பகலிலேயே அவள் வீட்டு முற்றத்தில், கூரையாக இழுத்துக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே, வெறும் மண்ணில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் இரண்டு பெண்பிள்ளைகள் மடியில் பலகையை வைத்து எழுதினார்கள்.

வாங்குகளை அங்கே மாற்றிவிடுவோம் என்றேன். கட்டடத்துக்குத் திரும்பி வந்து, நான் உள்ளிருந்து தள்ள, வாசலில் நின்று சுஜித்தா இழுத்தாள். கொஞ்சநேரம் ஓட்டோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த றிஸ்வான் நானாவும் இறங்கி வந்து, படியைத் தாண்டாமல் கை கொடுத்தார்.

கடைசி வாங்கைத் தள்ளும்போது விளக்குமாறோடு ஒரு அம்மா வந்தார். தினமும் வந்து கூட்டுகிறவர் அவர்தான் என்றாள் சுஜித்தா; பெயர் யோகேஸ்வரி. மகள் அந்த அலையோடு போனபோது இரண்டாம் வகுப்பாம்.

"அம்மா, இனி இதைப் பூட்டிவிடலாம்தானே?" என்று கேட்டேன்.

"பூட்டாதேங்கோ பிள்ளை," என்றார். "ஒரு வாங்கையும் விட்டிட்டுப் போங்கோ. அதுகளும் படிக்கட்டும்."

அந்தக் கடைசி வாங்கை மறுபடியும் கரும்பலகைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வரும்போது பின்னால் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: காலை பஸ்ஸையே பிடியுங்கள். பணமும் தண்ணீரும் மூதூரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கட்டடம் கட்டிக் கொடுக்க நினைப்பவர்கள், அத்திவாரம் வெட்டுமுன் ஊர்த் தாய்மாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பக்கம் அவர்கள் நடப்பதில்லை என்றும் பாருங்கள்.

கொழும்பு திரும்பியதும் முற்றத்து வகுப்பைப் பற்றிச் சொன்னேன். உதவித்தொகை தொடர்கிறது, தறப்பாளுக்குப் பதில் கூரை போட ஒத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர் கேட்டார்: "அப்ப அந்தக் கட்டடம் சும்மா கிடக்குதோ, பாவனையில இல்லையோ?"

"இருக்கு," என்றேன்.