குசினிப் பாதை

நடந்து இரண்டு மாதமாகிறது. இன்னும் யாராவது, "மகளுடைய கச்சேரி எப்படி?" என்று கேட்டால், "நல்லா வாசிச்சா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறேன். நன்றாகத்தான் வாசித்தாள். அதில் பொய் இல்லை.

டிக்கோயாவிலிருந்து மேலேறும் தோட்டப் பாதை ஒன்றின் முடிவில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர்கள் இருந்த பழைய தொரை பங்களா இருக்கிறது. இப்போது அது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் விடுதி. கொழும்பிலிருந்து ஐந்து இசைக்கலைஞர்கள் மகளின் பாடசாலைக்கு வந்து ஒரு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். கடைசி நாள் மாலையில் அந்தப் பங்களாவின் முன்கூடத்தில், இருபத்தைந்து பேருக்கு மட்டும் ஒரு கச்சேரி. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளில் ஒருவரைத் தங்களோடு சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். என் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்குப் பதினாறு வயது. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். வாசிப்பது பாடசாலையின் வயலின்.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஐரோப்பாவில் முந்நூறு வருடங்களுக்கு முன் எழுதப்பட்ட ஓர் இசை. மூன்று பகுதிகள். முதலும் கடைசியும் வேகமானவை. நடுப்பகுதிக்குத் தாளில் பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இரண்டே இரண்டு கூட்டொலிகள்தான் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையில் என்ன வாசிப்பது என்பதை எழுதியவர் வாசிப்பவர்களிடமே விட்டுவிட்டாராம். மகள் இதை எனக்கு விளக்கியபோது, பரீட்சைத்தாளில் கோடு மட்டும் போட்டு விடுவது போலவா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். குழுவின் தலைவியான செல்லோ வாசிக்கும் பெண், அந்த இடைவெளியை மகளிடம் கொடுத்துவிட்டார். உன்னுடைய ஊரிலிருந்து ஏதாவது ஒன்றை வாசி, நாங்கள் உன் பின்னால் வருகிறோம் என்றாராம்.

அன்று மாலை நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அம்மா, நீங்க சின்னப்புள்ளயில மலையப் பாத்துக் கூப்பிடுவேன்னு சொன்னீங்கல்ல. அத ஒரு தடவ கூப்பிடுங்க."

"இப்பவா? பக்கத்து வீட்டுல என்னமோ ஏதோன்னு ஓடி வந்துருவாங்க."

"மெதுவாக் கூப்பிடுங்க."

"மெதுவாக் கூப்பிட்டா மலைக்கு எப்படிக் கேக்கும்?"

என் அம்மா கொழுந்து பறித்தவர். பகலில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் எங்களை விட்டுவிட்டு மலைக்குப் போவார். பசி வந்ததும் நாங்கள் பாதை வளையும் கீழ் முடக்கில் போய் நின்று மேலே பார்த்துக் கூப்பிடுவோம். மலையில் ஐம்பது பெண்கள் நிற்பார்கள். எல்லாப் பிள்ளைக்கும் வாயில் வருவது "அம்மா" என்ற அதே சொல்தான். அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இழுவை இருந்தது. இழுவையை வைத்துத்தான் தாய்மார் தலையை நிமிர்த்துவார்கள். என்னுடையது கீழே தொடங்கி, ஒரே தாவலில் மேலே ஏறி, அங்கிருந்து மெல்லச் சரிந்து வரும். அம்மா "ஓய்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பசி பாதி அடங்கிவிடும். இதையெல்லாம் மகளிடம் கதையாகத்தான் சொல்லியிருந்தேன். வெங்காயக் கண்ணீரோடு மெல்லிய குரலில் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் வயலினில் அதைப் பிடித்துவிட்டாள். நான்கு நாள் வீடு முழுக்க அதுதான்.

வாசிப்பதற்கு முன் சொல்ல வேண்டியதையும் ஆங்கிலத்தில் தயார் செய்திருந்தாள். இது என் அம்மா சிறுமியாக இருந்தபோது தன் அம்மாவைக் கூப்பிட்ட குரல், அவர் இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று. முதல் வரிசையில் ஜன்னலோரக் கதிரை எனக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். "அங்கதான் ஒக்காரணும். வேற எங்கயும் ஒக்காராதீங்க. ஒங்களப் பாத்துத்தான் நான் சொல்லுவேன்."

ஒத்திகைக்காக அவள் காலையிலேயே போய்விட்டாள். நான் மூன்றரை மணிக்கு ஆட்டோவில் போய் பங்களா முடக்கில் இறங்கினேன். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே முன்வாசலுக்குப் போவது. மற்றது கல் படிகளில் ஏறி, பின்பக்கச் சமையலறையான குசினிக்குப் போவது. நான் கல் படிகளில் ஏறினேன்.

யோசித்து ஏறவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள் முன்பாதையில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் அம்மாவோடு விறகு கொண்டுபோய் இறக்கியது அந்தப் படிகள் வழியாகத்தான். இருபத்திரண்டு வருடங்களாக ஆசிரியையாக இருக்கிறேன். டவுன் பக்கம் வீடு கட்டிக் குடி வந்தும் வெகுகாலம் ஆகிறது. மடித்து வைத்திருந்த நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, பெயர் எழுதிய அழைப்பைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குசினி வாசலில் போய் நின்றேன்.

உள்ளே என் சின்னம்மா இருந்தார். அம்மாவின் தங்கை. அந்த விடுதியில் சமையல் வேலை.

"ஏன்டி, ஒனக்கு முன்வாசல் எங்க இருக்குன்னு தெரியாதா?"

"கால் இந்தப் பக்கம் வந்துருச்சு சின்னம்மா."

"கால் வருமாம்ல. பள்ளிக்கூடத்துலயும் இப்பிடித்தான் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறியா? போ, போய்ச் சுத்தி வா. டீச்சரம்மாவுக்கு அங்க மெத்த கதிர போட்டிருக்காங்க."

போயிருக்கலாம். ஆனால் பரிமாற வர வேண்டிய இருவரில் ஒருவர் அன்று வரவில்லை. மற்றவர் கூடத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் விருந்தாளிகள் வந்து நிற்கிறார்கள், தேநீர் கோப்பைகளில் ஊற்றியாகிவிட்டது, ஆறிக்கொண்டிருக்கிறது. சின்னம்மா அடுப்பில் பெட்டிஸ் பொரித்துக்கொண்டிருந்தார். நான் கைப்பையை ஆணியில் மாட்டினேன், முந்தானையை இடுப்பில் செருகினேன், தட்டை எடுத்தேன்.

"வைடி அத."

"ஒரு நிமிஷம் சின்னம்மா. இத மட்டும் குடுத்துட்டுப் போய் ஒக்காந்துருவேன்."

யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் எடுத்தேன்.

வராந்தாவில் நாலைந்து பேருக்குக் கொடுத்திருப்பேன். வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மையார் கோப்பையை எடுத்துக்கொண்டு என்னிடம் சிங்களத்தில் பேசினார். கொழும்பில் இசைப் பள்ளி நடத்துகிறவர் அவர்தான், நல்ல பிள்ளைகளைச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொள்வார், அன்று வருவதே அவள் வாசிப்பதைக் கேட்பதற்குத்தான் என்று மகள் சொல்லி எனக்குத் தெரியும். அவர் கேட்டார், வயலின் வாசிக்கப் போகும் இந்த ஊர்ப் பிள்ளையின் அம்மா வந்திருக்கிறாரா என்று.

நான், "நே, ஆவே நே" என்றேன். இல்லை, வரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ விதமாக எனக்கே விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கையில் தட்டு இருந்தது. இடுப்பில் செருகிய முந்தானை இருந்தது. இவள்தான் தாய் என்று தெரிந்தால் பிள்ளையைக் குசினியிலிருந்து வந்தவளாகப் பார்ப்பாரோ என்ற பயம் வந்தது. பிள்ளைக்காகச் சொன்னேன் என்று நினைத்தால் கொஞ்ச நேரம் ஆறுதலாக இருக்கும். பிறகு, குசினியிலிருந்து வந்தால் என்ன என்று எனக்குள்ளேயே கேள்வி வரும். வகுப்பில் அதைத்தான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மையார் நகர்ந்தபோதுதான் பார்த்தேன். பக்கத்து அறையின் கதவு பாதி திறந்திருந்தது. மகள் வயலினைத் தோளில் வைத்தபடி அங்கே நின்றாள். அவளுக்குச் சிங்களம் என்னைவிட நன்றாகத் தெரியும். என்னைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல் சாத்தினாள்.

குசினிக்குத் திரும்பினேன். சின்னம்மாவும் கேட்டிருந்தார். வராந்தாவுக்கும் குசினிக்கும் நடுவே ஒரு நடைதான். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "நல்லவேள, என்னையாவது தெரியும்னு சொன்னியா, இல்ல அதுவும் இல்லையா?" என்றார். வேடிக்கையாகச் சொன்னது மாதிரித்தான் இருந்தது. முகத்தை மட்டும் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு போய் முதல் வரிசையில் எப்படி உட்காருவது? அந்த அம்மையாரின் கதிரை என் கதிரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் நடையின் கதவோரம் நின்றேன். அங்கிருந்து கூடத்தின் பாதி தெரிந்தது. ஜன்னலோரக் கதிரை காலியாக இருந்தது. சற்று நேரத்தில் யாரோ தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டார்.

முதல் பகுதி வேகமாக ஓடியது. மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. வாசிப்பவர்கள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. ஒருவர் தொடங்குவதை மற்றவர் வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, மகளிடம் கொடுத்தார்கள். அவள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. பகுதி முடிந்தது. முதல் கூட்டொலியை எல்லோரும் சேர்ந்து வாசித்து நிறுத்தினார்கள்.

மகள் எழுந்து நின்றாள். குளிர்ச்சட்டை கிடந்த கதிரையை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இது தேயிலைத் தோட்டங்களில் கேட்கும் ஒரு சத்தம். இன்னாருடையது என்று இல்லை."

வாசித்தாள். கீழே தொடங்கி, தாவி மேலே ஏறி, சரிந்து வந்தது. செல்லோ அதையே ஆழத்தில் திருப்பிச் சொன்னது. பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக, ஒருவரைவிட ஒருவர் மெதுவாக, மலைக்கு மலை தள்ளிப் போவது மாதிரி. சின்னம்மா என் பின்னால் வந்து நின்றார். "இது நீ கூப்புடுறதுல்லடி?" என்று காதோரம் கேட்டார். அத்தனை பிள்ளைகளில் அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மகள் இரண்டாம் தடவையும் வாசித்தாள். மூன்றாம் தடவையும். பதில் சொல்ல வேண்டியவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாவது கூட்டொலி வந்தது. கடைசிப் பகுதி எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. கைதட்டல் மட்டும் நினைவிருக்கிறது.

ஆட்டோவில் திரும்பும்போது, "பசிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல" என்றாள். "நல்லா வாசிச்ச" என்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்றாள். குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. தெரியாமல் கேட்கிற குரல். அதற்குத்தான் எனக்கு அழுகை வந்தது. மழைத் திரையை இழுத்துவிடுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் அம்மையாரிடமிருந்து மகளின் வாட்ஸ்அப்புக்குச் செய்தி வந்தது. சேர்த்துக்கொள்கிறாராம். அடுத்த ஞாயிறு பெற்றோரில் ஒருவரோடு கொழும்புக்கு வர வேண்டும். என் கணவர் கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் வேலை செய்கிறார், மாதம் ஒரு முறை வருவார்.

"அப்பா அங்கதான இருக்காரு. அவரு வரட்டும்" என்றாள்.

"நானும் வரேன்."

"நீங்க வந்தா, யாருன்னு சொல்றதும்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டாள். அவளுடைய அம்மா வரவில்லை என்று அந்த அம்மையார் நம்பிக்கொண்டிருக்கிறார். நான் போய் நின்றால் நான் சொன்ன பொய் வெளிப்படும். வெளிப்படாமல் இருக்க வேண்டுமென்றால் அவளும் ஒரு பொய் சொல்ல வேண்டும். அதை அவள் தலையில் நான் வைத்திருக்கிறேன்.

மறுநாள் பாடசாலை விட்டு வந்ததும், மகள் வீட்டில் இருக்கும்போதே, செய்தி வந்த எண்ணுக்கு அழைத்தேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். அன்று வராந்தாவில் உங்களுக்குத் தேநீர் கொடுத்தது நான். பிள்ளையின் அம்மா வந்தாரா என்று கேட்டீர்கள். வரவில்லை என்று சொன்னேன். நான்தான் அவளுடைய அம்மா. என் சின்னம்மா அந்த விடுதியின் சமையல்காரி. பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும்.

கோபப்படுவார், அல்லது இரக்கப்படுவார், இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராக இருந்தேன்.

அவர், "நான் கேட்டேனா?" என்றார். "எனக்கு ஞாபகம் இல்லை. அன்றைக்கு நிறையப் பேர் இருந்தார்கள். யார் தேநீர் கொடுத்தார்கள் என்று... சரி, ஞாயிற்றுக்கிழமை வருவீர்கள்தானே?"

வருவோம் என்று சொல்லிப் போனை வைத்தேன். மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கு ஞாபகம் இல்லையாம்."

"ம்." தன் விரல் நுனிகளைப் பார்த்தாள். "எனக்கு இருக்கு" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கெழம யாருன்னு நீங்களே சொல்லிக்கோங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஹட்டனிலிருந்து முதல் பஸ்ஸில் போனோம். அவள் ஜன்னலோரம், நடுவில் வயலின் பெட்டி, இந்தப் பக்கம் நான். கணவர் கொழும்பு கோட்டை பஸ் நிலையத்தில் வந்து சேர்ந்துகொண்டார். அவருக்கு எதுவும் தெரியாது. வழியெல்லாம் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார்.

இசைப் பள்ளியின் வரவேற்பறையில் அம்மையார் எழுந்து வந்து மகளின் தோளைத் தட்டினார். கணவரைப் பார்த்து, "அப்பாவா?" என்றார். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். பிறகு அம்மையார் என் பக்கம் திரும்பினார். முகத்தில் என்னை எங்கும் பார்த்த அடையாளமே இல்லை.

"நான் இவளோட அம்மா" என்றேன். தமிழில்தான் வந்தது. குரல் தேவைக்கு மேல் உரத்து வந்துவிட்டது. பக்கத்து அறையில் பியானோ பழகிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

மகள் தலையை நிமிர்த்தவில்லை. தரையில் குனிந்து பெட்டியின் கொக்கியைத் திறந்துகொண்டிருந்தாள். ஒரே இழுப்பில் திறக்கிற கொக்கி அது. அன்று அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.