வள்ளத்தில் இடுக்கு பார்த்தவன்

தெப்பம் விடத் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிற ஊர் நம் சங்கரன்கோவில். இங்கே பிறந்தவனுக்குப் பாய்மர வள்ளம் வாங்க ஆசை வந்தது என்றால், அந்தப் பெருமை யூடியூபைத்தான் சேரும்.

ஆசைப்பட்டது உங்கள் மாமா, மக்கா. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். தூத்துக்குடிப் பக்கம் பழைய வள்ளம் ஒன்று விலைக்கு வருகிறது, பழுது பார்த்துச் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம், இனி குவைத்துக்குத் திரும்ப வேண்டாம் என்றான். அவன் மகளுக்கு அப்போது மூன்று வயது. போனில் மட்டும் அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, நேரில் வந்தவனிடம் ஒட்டவே இல்லை.

வள்ளத்தைச் சோதிக்க நிபுணர் வேண்டுமே. கதவு, ஜன்னல், கட்டில் செய்கிற என்னைக் கூட்டிக்கொண்டு போனான்.

"மரந்தான அத்தான். ஒங்களுக்குத் தெரியாத மரமா?"

"பின்ன என்ன மாப்ளே," என்றேன். கடலோடு எனக்கு இருந்த பழக்கம் திருச்செந்தூரில் முழங்கால் அளவு.

வள்ளம் இரண்டு வருஷமாக வெயிலில், மணல்மேல் கிடந்ததாம். மாட்டுத் தரகன் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று சுற்று வந்தேன். உளிப்பிடியால் தட்டினேன். கணீரென்றது. அடிக்கட்டையும் உறுதி. பாய் நைந்திருந்தது, அது மாற்றிக்கொள்கிற சாமான். ஆனால் பலகைக்குப் பலகை இடுக்கு. என் இரும்பு ஸ்கேல் தாராளமாக உள்ளே போய் வந்தது.

வள்ளத்துக்காரர் பக்கத்தில் வந்தார். "அது வெயில்ல காஞ்சது அண்ணாச்சி. நாலு நாள் தண்ணில ஊறப் போட்டா மரம் உப்பி, தானா மூடிக்கிடும்."

மழைக்கு உப்பாத கதவு செய்வது என் தொழில். மரம் உப்புவதை ஒருவர் நல்ல குணமாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். மாமாவைத் தள்ளிக் கூட்டிப்போனேன்.

"தண்ணி நொழையுத ஓட்டைய தண்ணிய வச்சே அடைக்கானாம். கேட்டியா கதைய? வாங்காத மாப்ளே, இது வெறகு."

அவன் வள்ளத்தை இன்னொரு தரம் பார்த்தான். "நீங்க சொன்னா சரிதான் அத்தான்."

அடுத்த மாதம் விமானம் ஏறிவிட்டான். நிபுணர் வாக்குக்கு நம் குடும்பத்தில் அவ்வளவு மதிப்பு.

வருஷங்கள் கழித்து, போன மாதம் ஒரு வீட்டுக்குக் கதவு நிலை வைக்கத் தூத்துக்குடி போனவன், சும்மா இராமல் அந்தக் கரைக்கும் போனேன். வள்ளத்துக்காரருக்கு என் முகம் மறக்கவில்லை.

"வாங்க அண்ணாச்சி. ஒங்க வெறகு அங்கன போகுது பாருங்க."

யாரோ வாங்கியிருக்கிறார்கள். புதுப் பாய் புடைக்க, எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனது.

"உள்ள தண்ணி வருதா?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஊறின பொறவு எங்க வரும்?"

அதற்குப் பிறகு மாமா போனில் கூப்பிட்டால் உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய், மழுங்காத உளியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமைதான் நானே எடுத்தேன்.

"மாப்ளே, அந்த வள்ளம் ஓடுது. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."



"பாய் என்ன கலரு அத்தான்?" என்றான்.

"நீலம்."

"பாப்பாட்ட கேட்டு மஞ்சள்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன்," என்றான்.