மின்னலுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

கல்லூரியில் தத்துவப் பாடம் நடத்துகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. காரில் போகும்போது 'லெஃப்ட்டா, ரைட்டா?' என்று கேட்டால்கூட நேரான பதில் கிடைக்காது.

போன ஐப்பசியில், சூளூர்ப்பேட்டையில் ஒரு கல்யாணம். முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் எளாவூர் செக்போஸ்ட் அருகே டீ குடிக்க நிறுத்தினோம். "நேரா வீட்டுக்குப் போகலாம், முதுகு வலிக்குது" என்றேன் நான். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. பழவேற்காடு போய் அந்த டச்சுக் கல்லறையை ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமே" என்றார் என் கணவர் பாஸ்கர். வண்டி ஓட்டுகிறவர் அவர். எனவே, போனோம்.

"இது நீங்களா எடுத்த முடிவா, இல்ல நடக்கணும்னு ஏற்கெனவே இருந்ததா?" என்று சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. பொன்னேரி தாண்டுவதற்குள் ஒரு செமஸ்டர் பாடமே முடிந்துவிட்டது. நாம் முடிவு எடுக்கிறோமா, எடுப்பதாக நினைத்துக்கொள்கிறோமா? ஒரு காரணத்துக்குப் பின்னால் இன்னொரு காரணம், அதற்குப் பின்னால் இன்னொன்று... போய்க்கொண்டே இருந்தால் மனிதனுக்கு என்ன வேலை? நான் உப்புக்காற்று வருகிறதா என்று ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு 'ம்' கொட்டினேன்.

ஊருக்குள் நுழைந்தபோது மதியம். ஆனால் மதியம் மாதிரியே இல்லை. வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மேகம் ஏரியின் மேல் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. காற்று சுத்தமாக நின்றுபோயிருந்தது. தெருவில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மனிதர்கள் பேசுவதுகூட எங்கோ பக்கத்து அறையிலிருந்து கேட்பது போல இருந்தது.

அந்தக் கல்லறைத் தோட்டத்தின் வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் இரண்டு எலும்புக்கூடுகள். கல்லில் செதுக்கியவை. உப்பு அரித்து அரித்து, பார்க்க இன்னும் பயங்கரமாகி இருக்கின்றன. உள்ளே பெரிய பெரிய கற்களின் கீழ் டச்சு வியாபாரிகளும் அதிகாரிகளும், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும்.

"இவங்க மதத்துல ஒரு கொள்கை உண்டு" என்று பாஸ்கர் ஆரம்பித்தார். "யார் கரையேறுவாங்க, யார் மாட்டாங்கன்னு உலகம் உண்டாகிறதுக்கு முன்னாடியே கடவுள் முடிவு பண்ணிட்டார். நீ என்ன செஞ்சாலும் அது மாறாது."

"எல்லாம் முடிவாயிடுச்சுன்னு நம்பினவங்க எதுக்கு இங்க வந்து அவ்வளவு கனமா கோட்டைச் சுவர் கட்டினாங்க?"

சிரித்தார். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"இங்கதான் கீறேன். ஆளு நான்தான்."

வாசல் தூணுக்குப் பக்கத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார். முப்பது வயதைத் தாண்டியிருக்கும். லுங்கி, கசங்கிய சட்டை, பல நாள் தாடி. எங்களைப் பார்த்து அவர் பேசவில்லை. எலும்புக்கூட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். சண்டை போடுகிற தொனி இல்லை. ரேஷன் கடையில் 'என் கார்டு இதுதாங்க' என்று நீட்டுகிற தொனி.

குடித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். இல்லை. எங்களைக் கண்டதும் எழுந்து, மரியாதையாகத் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பெயர் ஆறுமுகம். கோட்டைக்குப்பம். ஏரியில் இறால் பிடிக்கிறவர்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?" என்றேன்.

"இவனாண்டதாம்மா. ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிக்கினே இருக்கேன். காதுல வாங்கமாட்டேன்றான்."

அவர் சொன்னதை நான் சுருக்கித் தருகிறேன். ஏரியில் இறால் அதிகம் கிடைக்கிற இடங்களைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். உங்கள் முறை வரும் நாளில் அங்கே நீங்கள்தான் வலை போடலாம். இதற்குப் பாடு என்று பெயர். கொஞ்ச மாதங்களுக்கு முன்பு ஒரு நாள், ஆறுமுகத்தின் பாடு. அன்று காலை அவருடைய குழந்தைக்குக் கடும் காய்ச்சல். தூக்கிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவருக்குப் பதிலாக, அவர் அக்காவின் கணவர் தேசப்பன் படகை எடுத்துக்கொண்டு போனார்.

"மானம் இருட்டிக்கினு வந்துச்சாம். ஒரே ஒரு மின்னல்தாம்மா. அவ்ளோதான். எம் படகு, எம் பாடு, எம் மொற. அது என்னத் தேடித்தானே வந்துச்சு? மாமன் குந்திகினு இருந்தாரு. அவர இட்டுனு போயிருச்சு."

நான் அந்த எலும்புக்கூட்டைத் திரும்பிப் பார்த்தேன். பாஸ்கருக்கோ, மாணவன் தப்பாகப் பதில் சொன்ன மாதிரி ஒரு தவிப்பு. மெல்ல, அக்கறையாகத்தான் பேசினார்.

"மின்னலுக்கு உங்க பேரும் தெரியாது, அவர் பேரும் தெரியாதுங்க. தண்ணிக்கு நடுவுல உயரமா எது இருக்கோ அதுல இறங்கும். அது ஒரு விபத்து. இதுல நீங்க செஞ்சது எதுவுமே இல்ல."

ஆறுமுகம் அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ எம் மாமன் சும்மா செத்தாரா சார்? ஒண்ணுமில்லாததுக்கா? என்னத் தேடி வந்து, ஆள் மாறிப்போச்சுன்னாலாவது ஒரு நியாயம் கீது. சும்மான்னு சொன்னீங்கன்னா... நான் அக்கா மூஞ்சில எப்டி முழிக்கிறது?"

ஏரிப் பக்கம் முதல் இடி உருண்டது. வெகு தூரத்தில்.

ஆறுமுகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததுதான் எனக்கு அன்றைக்கு மிகவும் பயமாக இருந்தது. "இன்னிக்கி அதே பாடு எங்களுக்கு. வரேன் சார். வரேம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நானும் பாஸ்கரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முன்பின் தெரியாத ஊர், முன்பின் தெரியாத மனிதர். தலையிடலாமா? நான் இப்படி யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, மனிதனுக்கு எதிலும் சுதந்திரம் இல்லை என்று வழி முழுவதும் நிரூபித்தவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

கரையில் படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. அந்த மேகத்தைப் பார்த்துவிட்டு யாரும் ஏரிக்குப் போயிருக்கவில்லை. ஆறுமுகம் மட்டும் முட்டியளவு தண்ணீரில் தன் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். பாஸ்கர் போய் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வுடுங்க சார்" என்று அவரும், "மழை விடட்டும் ஆறுமுகம்" என்று இவரும்.

கொஞ்சம் தள்ளி, சில பெண்கள் முந்தின இரவு பிடித்த இறாலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களிடம் ஓடி, "ஆறுமுகம் வீட்டுக்காரங்க யாராவது இருக்கீங்களா? அவர் சரியில்லை, போகவிடாதீங்க" என்றேன். நடுவிலிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் பொட்டில்லை. கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். அவள்தான் அக்கா, கன்னியம்மா. தேசப்பனின் மனைவி.

புடவையோடு தண்ணீரில் இறங்கி, நேரே போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தாள்.

"எங்கடா போற?"

"பாடு எடத்துக்குக்கா."

"வல எங்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். படகில் வலை இல்லை. ஒன்றுமே இல்லை.

"வல இல்லாம இன்னாத்தப் புடிக்கப் போற?"

ஆறுமுகம் தலையைக் குனிந்துகொண்டார். "என்னாலதானேக்கா மாமா போனாரு."

"உன்னாலயா?" கன்னியம்மாவின் குரல் உயரவில்லை. "அன்னிக்கி அந்தாளு போமாட்டேன்னாருடா. மேகம் சரியில்லன்னு திரும்பிப் படுத்துக்கினாரு. 'அவன் புள்ளையத் தூக்கினு ஓடறான், மொற வீணாப்பூடும், எந்திரி'ன்னு எழுப்பிவுட்டது நானு. இதுவரிக்கும் யாராண்டயும் சொல்லல. இப்ப சொல்றேன்."

ஆறுமுகத்தின் கை படகிலிருந்து நழுவியது.

"எழுப்பினது நானு. நான் ஏன் எழுப்பினேன்? உம் மொறைக்கு. உம் மொற ஏன் மாறுச்சு? பாப்பா ஜொரத்துக்கு. அப்போ பாப்பாவ இட்டுனு வா, அவளையே கேப்போம். 'ஏன்டி உனக்கு ஜொரம் வந்துச்சு, மாமாவ ஏன்டி சாவடிச்ச'ன்னு கேப்போம்."

"பாப்பாவ இழுக்காதக்கா!" — அலறிவிட்டார்.

"ஏன்டா இழுக்கக் கூடாது? பழி உன்னாண்ட வந்து நிக்கும்னா அவளாண்டயும் போவும்ல? எங்கடா நிறுத்தறது? நீ சொல்லு, எங்க நிறுத்தறது?"

அவர் வீடுகள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் மின்னல் இறங்கியது. ஏரியின் நடுவில், எங்கோ தொலைவில். கண்ணை மூடினாலும் வெள்ளையாகவே தெரிந்தது. இடி வந்து, உருண்டு, அடங்கியது. அடங்கியபின் ஓர் அமைதி. அந்த அமைதியில்...

"ஆறுமுகம்."

ஒரே ஒரு முறை. ஆண் குரல், தண்ணீர்ப் பக்கமிருந்து. அவசரம் இல்லை, கோபம் இல்லை. வலை இழுக்க ஒரு கை கொடேன் என்று கூப்பிடுவது போல.

ஏரியில் ஒரு படகுகூட இல்லை. கரையில் இறால் பிரித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. பாஸ்கரின் கையிலிருந்த கயிறு தண்ணீரில் விழுந்தது.

ஆறுமுகம் திரும்பினார். 'இதோ' என்று சொல்ல வாய் திறந்தது. கன்னியம்மா பாய்ந்து, உள்ளங்கையால் அந்த வாயை இறுகப் பொத்தினாள். பொத்தியபடியே ஏரியைப் பார்த்துப் பேசினாள். சமையலறையிலிருந்து கூடத்தில் இருக்கும் புருஷனிடம் பேசுவது போல, அவ்வளவு சாதாரணமாக.

"அவன் வரமாட்டான்யா. அவனுக்குப் புள்ள கீது. நீ போ. அப்பறமா நானே வரேன்."

மழை கொட்ட ஆரம்பித்தது.

அதன் பிறகு நடந்தது சாதாரணம். ஆறுமுகம் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார். பாஸ்கர் கயிற்றைத் தேடி எடுத்து, தெரியாத்தனமாக ஏதோ முடிச்சுப் போட்டார். ஒரு பெண் அதை அவிழ்த்து ஒழுங்காகக் கட்டினாள். கன்னியம்மா வீட்டில் எங்களுக்குத் தலை துவட்டத் துண்டும் சுடச்சுட டீயும் கிடைத்தன. அங்கே ஒரு சின்னப் பெண் ஓடிவந்து ஆறுமுகத்தின் ஈரமான மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஜுரமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது. அவர் அவளை இறக்கிவிடவே இல்லை.

அந்தக் குரலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கன்னியம்மாவின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது பாஸ்கர் பொன்னேரி வரை வாயே திறக்கவில்லை. பிறகு, "மழைக்கு முன்னாடி தண்ணி மேல சத்தம் ரொம்ப தூரம் போகும். தோணிரேவு கிராமத்துப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டிருக்கலாம். ஆறுமுகம்னு ஊருக்குப் பத்து பேர் இருப்பாங்க" என்றார்.

"இருக்கலாம்" என்றேன்.

கொஞ்ச தூரம் போனபின், "நீயும் கேட்டதானே?" என்றார்.

"கேட்டேன்."

வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். அவ்வளவுதான்.

எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் காரணம் தேடுவதெல்லாம் உண்மை வேண்டும் என்றா? எனக்குச் சந்தேகம். கை நீட்ட ஓர் ஆள் வேண்டும். வேறு ஆள் கிடைக்காவிட்டால் நம்மையே காட்டிக்கொள்கிறோம். காரணமே இல்லாமல் ஒன்று நடந்தது என்பதைவிட, 'என்னால் நடந்தது' என்பது நமக்கு ஏனோ ஆறுதலாக இருக்கிறது. காரணச் சங்கிலிக்கு முடிவில்லைதான். ஆனால் எந்தக் கண்ணியில் கையை எடுப்பது என்பது நம்மிடம் இருக்கிறது போலும். கன்னியம்மா தம்பியின் கையை எடுக்கவைத்தாள், குழந்தையைக் காட்டி. இவ்வளவு சொன்னபின்பும், தன்னை எந்தக் கண்ணியில் நிறுத்தியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. 'அப்பறமா நானே வரேன்' என்றாளே... அதை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் அவளுக்குப் போன் செய்தேன். ஆறுமுகம் இப்போது கல்லறைப் பக்கம் போவதில்லை. பழையபடி ஏரிக்குப் போகிறார். மேகம் சரியில்லாத நாளில் முறையே வந்தாலும் வீட்டில் இருந்துவிடுகிறார். யாரும் எதுவும் சொல்வதில்லை. சாப்பிடுகிறார், தூங்குகிறார், சிரிக்கிறார். "ஒண்ணே ஒண்ணுதாம்மா" என்றாள் கன்னியம்மா. "யாரு கூப்ட்டாலும் மொதல் தடவைக்குத் திரும்பறதில்ல. ரெண்டாவது தபா கூப்ட்டாத்தான் 'இன்னா'ன்றான்."

நானும்தான்.