தபீதாள் அக்கா சொன்ன சாட்சி

தபீதாள் என் பெரியப்பா மகள். ஆந்திராவில் சித்தூர் தாண்டிப் பங்காருபாளையத்துக்கு அருகில், பழைய மிஷன் சபை இருக்கும் ஊர் எங்களுடையது. அங்கன்வாடியில் இருபத்தாறு வருஷம் ஆயம்மாவாக இருந்து, பிள்ளைகளுக்குச் சோறு வடித்துப் போட்டவள். இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சபைச் செயலாளர் ஜாபேஸ் என்று நான் போட்ட ஒரு கையெழுத்து நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அவள் வீட்டுக்காரர் எர்னஸ்ட் மாமா, குடுபல்லிப் பக்கம் கருங்கல் குவாரியில் பத்தொன்பது வருஷம் துளை போட்டவர். கல்தூசு நுரையீரலில் படிந்துவிட்டது. ஒருநாளைக்குப் பதினாறு மணி நேரமாவது ஆக்ஸிஜன் வேண்டும் என்று வேலூர் டாக்டர் எழுதிக் கொடுத்தார். வாடகைக்கு மெஷின் எடுக்க எங்களால் ஆகாது.

அப்போதுதான் அந்த மின்சாரக் கம்பெனி வந்தது. எங்கள் மாந்தோப்புகளுக்கு மேலே டவர் நட்டுக் கம்பி இழுத்த கம்பெனி. லாபத்தில் ஒரு பங்கை ஊருக்குச் செய்ய வேண்டும் என்று சட்டமாம், சிஎஸ்ஆர் என்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு நீலப் பெயின்ட் அடித்தார்கள், பஸ் ஸ்டாப்புக்குக் கூரை போட்டார்கள், கூரையைவிடப் பெரிசாகக் கம்பெனி பெயரையும் போட்டார்கள். ஊரெல்லாம் அதைச் சொல்லிக் கிண்டலடித்தவன் நான். மாமாவுக்கு ஆக்ஸிஜன் மெஷின் கொண்டுவந்து இறக்கிய அன்று என் வாய் அடங்கிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து மாமா அன்றைக்குத்தான் படுத்துத் தூங்கினார். மெஷினின் கைப்பிடி கையை உறுத்துகிறது என்று அக்கா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்து மாட்டினாள்.

பத்து மாதம் கழித்து, ஆண்டு விழாவுக்கு வீடியோ வேண்டுமென்று கம்பெனியிலிருந்து வந்தார்கள். சேலைத் தலைப்பில் மைக்கைக் குத்தியதும் அக்காவுக்கு நாக்கு எழவில்லை. கேமராக்காரர் தெலுங்கில் அவசரப்படுத்தினார். நான்தான் பெரிய மேதாவியாக எடுத்துக் கொடுத்தேன்.

"சபையில சாட்சி சொல்றா மாதிரி சொல்லுக்கா."

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் குறையோடு உட்காரக் கூடாது. வியாதியை வாயால் அறிக்கை செய்யக் கூடாது, சுகத்தைத்தான் அறிக்கை செய்ய வேண்டும். காய்ச்சல் நூற்றிரண்டு இருக்கும், சுகம் கிடைத்தது என்போம். கேட்பவர்களும் உள்ளதைப் புரிந்துகொண்டே ஆமென் சொல்வார்கள், சாயந்திரம் கஞ்சியும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கேமராவுக்கு இது எங்கே தெரியும்?

அக்கா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மடமடவென்று சொன்னாள். "என் வீட்டுக்காரருக்கு கர்த்தர் பூரண சுகம் குடுத்தாரு. இப்ப அவருக்கு ஒரு கொறையும் இல்ல. கம்பெனிக்காரங்கள ஆண்டவர் ஆசீர்வதிக்கணும்." மாமாவும் மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, வாசல்நிலையைப் பிடித்தபடி அரை நிமிஷம் சிரித்து நின்றார். நான் ஆமென் சொன்னேன். பிறகு ஊரில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமென்று என்னிடம் ஒரு படிவம் நீட்டினார்கள். தற்போதைய நிலை என்ற இடத்தில் 'குணமடைந்தார்' என்று எழுதியிருந்தது. வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதத்தில் வேன் வந்தது. குணமானவர்களிடமிருந்து எடுத்து அடுத்தவர்களுக்குக் கொடுப்பதுதான் ரூலாம். அக்கா மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "இத எடுத்துக்கினு போனா அவரு செத்துருவாரு சார்!" வந்தவர் சண்டை போடவில்லை. செல்போனை எடுத்து வீடியோவைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். அதில் அவளே பேசினாள். முழுவதும் பார்த்துவிட்டு அக்கா கையை விட்டுவிட்டாள்.

ஆறாம் நாள் மாமாவால் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை. தலையணையை மடியில் வைத்துக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். உதடு நாவற்பழம் தின்றவர் போலக் கறுத்திருந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, அக்காவும் நானும் திருப்பதியில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம்.

அங்கே வரவேற்பறை டிவியில் அக்கா ஓடிக்கொண்டிருந்தாள். பூரண சுகம், ஒரு குறையும் இல்லை, மறுபடி முதலிலிருந்து. சிஎஸ்ஆர் பார்க்கும் அதிகாரி நீரஜா என்ற பெண். கோயிலில் கைங்கர்யம் செய்யும் தமிழ்க் குடும்பம், அதனால் தமிழிலேயே பேசினாள்.

"அம்மா, இந்த வருஷ லிஸ்ட் முடிஞ்சுடுத்து. இனிமே ஏப்ரல்லதான் புது மெஷின்." அப்போது நவம்பர்.

"நான் பொய் சொன்னம்மா. எழுதிக்கோ, தபீதாள் சொன்னது பொய்யின்னு எழுதிக்கோ. கையெழுத்துப் போட்றேன்" என்றாள் அக்கா. சாட்சியைப் பொய் என்று எங்கள் சபையில் யாரும் இதுவரை சொன்னதில்லை.

நீரஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு விலாசம் எழுதிக் கொடுத்தாள். "நாராயணவனத்துல பாலையான்னு ஒருத்தர்கிட்ட ஒரு மெஷின் இருக்கு. அவர் கொஞ்சம் தேவலைன்னு கேள்வி. வேண்டாம்னு அவாளே எழுதிக் கொடுத்தா, நான் இன்னிக்கே மாத்தித் தரேன்."

நாராயணவனம் போக ஏறிய புத்தூர் பஸ்ஸில் அக்கா பேச வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். "காலுல உழுந்தாவது கேக்கறேன் ஜாபேசு. ஒரு மாசம் அவங்களுக்கு, ஒரு மாசம் நம்பளுக்குன்னு கேக்கறேன்."

கோயிலுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை வீடு. கட்டிலில் பாலையா. பக்கத்தில் மெஷின், அக்கா தைத்த பூப்போட்ட உறையோடு இரைந்துகொண்டிருந்தது. தேவலையாம்! விலா எலும்புகள் எண்ணும்படி ஏறி இறங்கின.

அவர் மனைவி காஞ்சனா கதவருகிலேயே அக்காவை அடையாளம் கண்டுகொண்டாள். ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"வீடியோல வர்ற அம்மாதான நீங்க? மெஷின் குடுக்க வந்தப்ப அதத்தான் காட்டினாங்க. தெனம் இவருக்குப் போட்டுக் காட்றேன், அதுல நம்பிக்கை வெச்சித்தான் ரெண்டு வாய் துன்றாரு. நெஜமா சொல்லுங்கம்மா, உங்க வீட்டுக்காரரு நல்லாயிட்டாரா?"

பாலையா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பதிலுக்காக அப்படியே தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே அவ்வளவு தூரம் போனது?

"நல்லாயிட்டாரும்மா" என்றாள் அக்கா. "பூரண சுகம்."

பிறகு கீழே உட்கார்ந்து, மெஷினின் பின்பக்கம் திறந்து, ஃபில்டரை எப்படிக் கழுவுவது, குழாய் மடங்காமல் எப்படிப் போடுவது என்று காஞ்சனாவுக்குக் காட்டினாள். அவள் கொடுத்த மோரைக் குடித்தோம். கிளம்பும்போது அந்த உறையை ஒரு தடவை நீவிவிட்டு வந்தாள்.

சித்தூரில் இறங்கி பஸ் மாறினோம். பங்காருபாளையம் பஸ் ஏறிய பிறகுதான் கேட்டாள். "அவருகிட்ட இன்னாடா சொல்றது?"

மாமா எங்களுக்காகக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். மெஷின் வைக்கிற ஸ்டூலைத் துடைத்து, பிளக்குக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார். அதை அங்கே இழுத்துப் போட அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்குமோ.