கமெண்டோரம்மா

அந்தக் காலத்தில் கார்ல்ஸ்க்ரூனா துறைமுக ஊரில் கடற்படை அதிகாரிகளின் மனைவிகளுக்குச் சொந்தப் பெயரால் அதிக உபயோகம் இல்லை. கணவனின் பதவிதான் பெயர். எதிரே இருப்பவளை ‘நீங்கள்’ என்றால்கூட மரியாதைக் குறைவு; “கேப்டனம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் காப்பி?” என்றுதான் கேட்க வேண்டும். பட்டத்தை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிப் பழகலாம் என்று ஆரம்பிக்கும் உரிமை மூத்த அதிகாரியின் மனைவிக்கு மட்டுமே.

ஹெட்விக்கிடம் அந்த உரிமை பல வருடம் இருந்தது. கீழ்வீட்டு அஸ்தாவின் கணவன் டூரெ, ஹெட்விக்கின் கணவர் சிக்ஸ்டனுக்குப் பதவியில் இளையவன். ஒரே மாடிப்படி, ஒரே துணிக்கொடி. இன்றாவது சொல்வாளா என்று அஸ்தா முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஹெட்விக் வாயே திறக்கவில்லை. கொடுக்காமல் வைத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வசந்தத்தில் பதவி உயர்வு டூரெக்கு வந்தது. கோட்டுக் கையில் தங்கப் பட்டை ஒன்று கூடி, சிக்ஸ்டனையும் தாண்டி அவன் கமெண்டோர் ஆனான். சிக்ஸ்டனின் கை பழையபடியே இருந்தது.

“இனிமே அவள நான் கமெண்டோரம்மான்னு கூப்பிடணுமாக்கும்! செத்தாலும் அந்த வார்த்தை என் வாயில வராது.”

“வராட்டி போகட்டும். வாழ்த்துக் காப்பிக்கு நீ வந்தாப் போதும்,” என்றார் சிக்ஸ்டன்.

போனாள். நடையில் டூரெயின் புதுக் கோட்டு மாட்டியிருந்தது. யாரும் பார்க்காதபோது, புதுப் பட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பாழாய்ப்போன தையல், ஒரு நூல்கூட அசையவில்லை.

மேசையில் ஏழு வகை பிஸ்கட். ஹெட்விக் சாமர்த்தியமாக யாரையும் விளிக்காமலே பேசினாள். “க்ரீம் கிடைக்குமா?” “கேக் நல்லா வந்திருக்கு.” மற்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். எப்போது மாட்டுவாள் என்று அட்மிரலம்மா உட்பட எல்லோருக்கும் ஆவல்.

அஸ்தா எழுந்து அவளிடம் வந்தாள். “நமக்குள்ள எதுக்கு இந்தப் பட்டமெல்லாம்? என் பேரு அஸ்தா. இனிமே பேர் சொல்லியே கூப்பிடலாமே.”

ஹெட்விக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தான் அத்தனை வருடம் பூட்டி வைத்ததை இவள் முதல் நாளே தூக்கிக் கொடுக்கிறாளே! அதுவும் ஊர் பார்க்க! பதவி போதாதென்று பெருந்தன்மை வேறா?

“ரொம்ப நன்றி, வேண்டாம் கமெண்டோரம்மா.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அட்மிரலம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பையைக் கீழே வைத்தாள். அஸ்தாவின் முகம் செத்துப் போயிற்று.

ஒருமுறை மறுத்ததை மறுபடி கேட்டு வாங்க முடியாது. அதன்பின் தினமும் மாடிப்படியில் அந்த வார்த்தையைச் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. ஆண்கள் இருவரும் ஓய்வு பெற்றார்கள், பிறகு இறந்தும் போனார்கள். நாடே பட்டங்களை மறந்து, பால்கடைப் பெண்கூட எல்லோரையும் ‘நீ’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள்.

ஒரு பனிக்காலக் காலையில் அஸ்தா படியில் நின்று, “ஹெட்விக், இப்பவாவது என் பேரச் சொல்லேன்,” என்றாள்.

சொல்லத்தான் ஹெட்விக்குக்கும் ஆசையாக இருந்தது. இந்த ஊரில் இனி அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

“கமெண்டோரம்மா பாத்து எறங்கணும்,” என்றாள். “படி வழுக்குது.”