அமிர்தவள்ளி கொக்கி மாட்டிய இடம்

ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பதினோரு வருஷமாக அமிர்தவள்ளிக்கு ஒரே வேலை, ஈரத்தோல் காயப்போடுவது. பதினாறு அடி உயரத்தில் வரிசையாக இரும்புக் குழாய்கள். ஏணியில் ஏறி, சாரத்தில் போட்ட இரண்டு பலகை மேல் நின்று, கீழிருந்து கயிற்றில் வரும் எருமைத் தோலை வாங்கிக் குழாயில் விரிக்கவேண்டும். இடுப்பில் எதையும் கட்டிக்கொண்டதில்லை. கட்டிக்கொள்ள எதுவும் கொடுத்ததும் இல்லை.

கூட வேலை செய்த பூவம்மாள் போன ஆடியில் அங்கிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ‘கவனக்குறைவு, கால் வழுக்கியது’ என்று விபத்து நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அந்த வரியை அமிர்தவள்ளி மறக்கவில்லை.

தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி இந்த வருஷம் ஒரு நிபந்தனை போட்டது. பயிற்சி எடுத்து, சோதனையில் தேறி, அட்டை வைத்திருப்பவர்தான் இனி உயரத்தில் வேலை செய்யலாம். நோட்டீஸ் பலகையில் பன்னிரண்டு பெயர் ஒட்டினார்கள். பன்னிரண்டும் ஆம்பளைகள். அதில் பாதிப் பேர் அந்த ஏணியை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

பயிற்சி நாளன்று கேன்டீனில் பதின்மூன்றாவது ஆளாகப் போய் உட்கார்ந்தாள் அமிர்தவள்ளி.

சூப்பர்வைசர் சமீருல்லா பதறிக்கொண்டு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. நல்லது செய்வதாக நினைத்தே கெடுக்கிற ரகம்.

“நீ இன்னாத்துக்குமா இங்க? லேடீஸுக்குக் கீழயே வேலை போட்டாச்சு. பெருக்குறது, கழிவு அள்றது. பேஜார் இல்லாத வேலை.”

“இத்தினி வருசம் மேல ஏறச்சொல்ல நான் லேடீஸா தெரியலியா, பாய்?”

ராணிப்பேட்டையிலிருந்து வந்த பயிற்சியாளர் தமிழ்வேந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் பெயரையும் தாளில் எழுதிக்கொண்டார்.

காலையில் பாடம். விழுகிற உடம்பு தன் எடையைப்போலப் பல மடங்கு பாரத்தோடு இழுக்கும் என்றார். மதியம் காயப்போடும் கூடத்தில் சோதனை. பாதுகாப்பு பெல்ட்டைச் சரியாகக் கட்டி, மேலே ஏறி, அதன் கொக்கியைத் தகுந்த இடத்தில் மாட்டவேண்டும். மாட்டினால் போதும், தொங்கவேண்டாம்.

முதலில் ஏறிய பச்சையப்பன் நேரே தோல் காயப்போடும் குழாயில் மாட்டினான். அடுத்தவனும் அங்கேயே. பன்னிரண்டு பேரும் அங்கேயே. அத்தனை ஈரத்தோல் சுமக்கிற குழாய், ஒரு ஆளைத் தாங்காதா என்ற நம்பிக்கைதான். தமிழ்வேந்தன் ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டே இருந்தார்.

அமிர்தவள்ளி ஏறினாள். கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

“மாட்டு, ஒரு போட்டோ எடுத்துடலாம்” என்று கீழிருந்து கத்தினார் சமீருல்லா. “மாட்டலன்னா அட்டை கெடையாது!”

அட்டை இல்லாவிட்டால் நாளை முதல் துடைப்பம்தான். அது அவளுக்கும் தெரியும்.

“இந்தக் கொழாயில மாட்டமாட்டேன். பெயிலுன்னு போட்டுக்கோ சார். இத்தப் புடிக்கிற கிளாம்புல சும்மா உக்காந்துனு இருக்குது. உப்பு தின்னுபோட்ட கிளாம்பு. தெனம் இது ஆடறது எனக்குத் தெரியும்.”

“இம்மாம் தோலு தாங்குதே!” என்றான் பச்சையப்பன்.

“தோலு தொங்குது. விழல. விழுந்தா இன்னா ஆவும்னு பாரு.”

என் எடைக்கு ஈடாகத் தோலைச் சுருட்டி மேலே அனுப்பச் சொல்லுங்கள் என்றாள் தமிழ்வேந்தனிடம். அவர் தலையாட்டினார். கீழே எல்லோரையும் சுவரோரம் ஒதுக்கினார். அவள் மூட்டையைத் தொய்வாக விட்ட கயிற்றால் குழாயோடு கட்டி, பலகையிலிருந்து காலால் ஒரு தள்ளு தள்ளினாள்.

கூடமே அதிர்ந்தது. குழாயும் இரண்டு கிளாம்பும் மூட்டையோடு தரைக்கு வந்து சேர்ந்தன.

அமிர்தவள்ளி தமிழ்வேந்தனிடம் கனத்த நாடாப் பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, கூரையைத் தாங்கும் இரும்பு உத்திரத்தைச் சுற்றிப் போட்டு, அதில் கொக்கியை மாட்டினாள். சாயந்திரம் ஒரே ஒரு அட்டைதான் கொடுக்கப்பட்டது.

மறுநாள் காலை ஈரத்தோல் குவியல் குவியலாக வந்து இறங்கியது. மேலே போக அனுமதி உள்ளவள் ஒருத்தி. அவளோ ஏணிக்கடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கொக்கி மாட்ட உத்திரத்துக்கு உத்திரம் இரும்புக் கயிறு கட்டி, குழாயையெல்லாம் இறுக்காமல் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

“தோலு கெட்டுடும்மா” என்று கையைப் பிசைந்தார் சமீருல்லா.

“பூவம்மா விழுந்தப்போ இப்பிடி ஓடலியே பாய் நீங்க.”

அவர் வெல்டிங் ஆளைக் கூப்பிடப் போனார். மதியத்துக்குள் கயிறு கட்டியாயிற்று, கிளாம்புகளும் மாற்றியாயிற்று. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் கை வைத்தவள் நின்றாள்.

“இன்னும் ஒண்ணு. அந்த விபத்து நோட்டை எடுத்துனு வாங்க.”

சமீருல்லா கொண்டுவந்தார். பூவம்மாள் பெயருக்கு எதிரே இருந்த வரியை அவரே அடித்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எழுதி முடித்ததும் அவள் நோட்டை வாங்கி, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி படித்தாள்.

“கால் வழுக்கவில்லை. பெல்ட் கொடுக்கவில்லை. மாட்ட இடமும் இல்லை.”

கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். பிறகுதான் ஏறினாள்.