மெத்தைக்காரரின் வழிச்செலவு

உட்காருவதற்கு முன் எங்கள் வீட்டு சோபாவை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, கையை எடுக்காமல் காத்திருக்கிறார் மெத்தைக்காரர். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் கை வைத்திருப்பவரின் முகம். "போன வருஷம் இருந்த உசுரு இல்லக்கா இதுல. இந்தப் பக்கம் பள்ளம் விழுந்துடுச்சு. மாமா எப்பவும் இங்கயேதான் உக்கார்றாரா?" என்று கேட்கிறார். என் கணவர் எப்போதும் அங்கேயேதான் உட்காருகிறார். அதைக் கேட்டு, கண்டுபிடித்துவிட்ட பெருமையெல்லாம் இல்லாமல் தலையாட்டிவிட்டு, மெல்ல அமர்கிறார். அமர்ந்ததும் கண்ணிமை பாதி இறங்குகிறது.

எங்களுக்கு நேர் மேல் மாடியில் குடியிருக்கிறார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். நல்ல உயரம்தான், ஆனால் எதன் மீதாவது சாய்ந்தே நிற்பதால் உயரம் தெரியாது. சுவர், கதவு நிலை, மாடிப்படிக் கைப்பிடி, விளக்குக் கம்பம், எது கிடைத்தாலும் அவருக்குச் சம்மதம். இமை இறங்கினாலும் பேச்சு நிற்பதில்லை. அந்த மாதிரி நேரங்களில் அவர் சொல்வது நடந்த விஷயமா, கனவில் கண்டதா என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. ஒரு முறை கேட்காமல் விட்டு, கீழ்வீட்டுக்காரர் வீட்டைக் காலி பண்ணப் போகிறார் என்று நான் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்.

நகரின் ஓரத்தில் இருந்த மெத்தைத் தொழிற்சாலையில் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருந்தார். ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றைக் கொண்டுவந்து போடுவார்கள். இவர் ஏறிப் படுத்து, எங்கே கம்பிச் சுருள் தளர்ந்திருக்கிறது, எங்கே பஞ்சு திரண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். "படுத்துக்கிட்டே சம்பளம் வாங்கின மகராசன்" என்று எங்கள் குடியிருப்பில் கேலி பேசுவார்கள். அவருக்குக் கோபம் வந்ததில்லை.

"படுக்கணும்க்கா, ஆனா தூங்கக் கூடாது. அதுதான் வேலையே. படுக்கறதுக்கு யாருக்குத்தான் தெரியாது?"

தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவர், மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார். அதற்குப் பிறகு தூக்கம் அவரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. முடிவெட்டிக்கொள்ளும் நாற்காலியில், வங்கி வரிசையில், கொதிக்கும் பாலுக்கு முன்னால், எங்கும் வரும். "அத்தன வருஷமா நாளைக்கு வா, நாளைக்கு வான்னு திருப்பி அனுப்பினேன். இப்ப மொத்தமா வந்து வாசல்ல நிக்குது. வராதேன்னு எந்த வாயால சொல்றது?" என்பார்.

அவருடைய மனைவி மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். படுக்கை விரிப்புகளின் நீராவியில் நின்று நின்று, அவள் விரல் நுனிகள் எப்போதும் குளித்து எழுந்தவளின் விரல்களைப் போலச் சுருங்கியிருக்கும். ஒருத்தி சம்பளத்தில் வாடகை கொடுத்தால் பாதி மாதத்துக்கு மேல் வீடு நொண்டும். இதை அவள் அழுது சொன்னதில்லை, கிண்டலாகத்தான் சொல்வாள். ஒரு காலையில் மாடிப்படியில் அவர் எனக்குக் கனவு சொல்லிக்கொண்டிருந்தார்.

"இன்டர்வியூ முடிஞ்சுதுக்கா. நல்ல மனுஷங்க. வேலையும் குடுத்துட்டாங்க. சம்பளம் எவ்வளவுன்னு கேக்க வாயத் தொறந்தேன், பால்காரர் மணியடிச்சுட்டார்."

மேலிருந்து துணிக்கூடையோடு இறங்கி வந்த மனைவி நிற்காமலே சொல்லிவிட்டுப் போனாள்: "கனவுல கிடைச்ச வேலைக்குக் கனவுலயே ஒரு மாசம் போய்ட்டு வந்திருக்கலாம்ல? பாலுக்குக் காசு நான் குடுத்தேன்."

வேலை தேடுகிறவர்களுக்கு நேர்காணலுக்குப் போக வழிச்செலவு கொடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கூடச் சலவைக் கூடத்திலிருந்து கொண்டுவந்தவள் அவள்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு ஜன்னல், அதற்கென்றே ஓர் அம்மாள். உடனே அவரைத் துரத்தினாள். மெத்தைக்காரர் போனார். முந்தின வாரம் பக்கத்து ஊருக்கு ஒரு நேர்காணலுக்குப் போய்வந்த பஸ் சீட்டுகளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். ஜன்னல் அம்மாள் அவற்றைத் தொடவே இல்லை.

"போறதுக்கு முன்னாடி வந்து கேக்கணுங்க. போயிட்டு வந்து கேட்டா அதுக்குப் பேரு வேற."

"என்ன பேரு மேடம்?"

"ஊர் சுத்தினதுன்னு பேரு."

அடுத்த முறை ஒழுங்காக முன்கூட்டியே கேட்டார். நேர்காணலுக்குக் கூப்பிட்ட கடிதத்தைக் காட்டினார். போகப் பணம் கொடுத்தார்கள். திரும்பி வந்து பஸ் சீட்டையும், நேர்காணலுக்கு வந்தார் என்று அந்த நிறுவனம் முத்திரை வைத்த தாளையும் காட்டினால் திரும்பி வந்த செலவும் கிடைக்கும். எல்லாம் சரி. ஆனால் பஸ் ஊரைத் தாண்டியதும் மெத்தைக்காரர் தூங்கிவிட்டார். இறங்க வேண்டிய ஊர் வந்து, போய், அதற்கப்புறம் வந்த ஊர்களும் போய், கடைசி நிறுத்தத்தில் நடத்துனர் இருக்கைகளுக்கு அடியில் பெருக்கிக்கொண்டு வரும்போது காலைத் தூக்கச் சொல்லி எழுப்பினாராம். தாண்டி வந்த தூரத்துக்கு இன்னொரு சீட்டும் கிழித்துக் கொடுத்தாராம்.

"அந்தக் கடைசி நிறுத்தத்துல ஒரு ஏரி இருக்குக்கா" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரலில் வருத்தமே இல்லை. "பஸ்ஸெல்லாம் தண்ணி குடிக்க வந்த மாடுங்க மாதிரி கரையில வரிசையா நிக்குது. இன்ஜின் சூடு ஆறுற சத்தம் மட்டும் டிக் டிக்குனு. ஒரு மனுஷன் இல்ல. நான் கூட, இதுவும் கனவுதான், முழிச்சா இன்டர்வியூல இருப்போம்னு கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்."

முத்திரை இல்லாத தாளோடு போய் நின்றவரிடம் ஜன்னல் அம்மாள் அந்த அதிகப்படிச் சீட்டைத் திருப்பித் தள்ளினாள். "தூக்கத்துக்கெல்லாம் நாங்க காசு குடுக்கறதில்லைங்க" என்றாளாம். குடுத்த பணத்துக்கே கணக்கு சொல்ல வேண்டியிருக்கிறது என்றாளாம். அவர் அதற்கு, "உங்க நாற்காலி ஒரு பக்கமா சாஞ்சிருக்கே மேடம், இடுப்பு வலிக்குமே?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "மாத்தித் தரச் சொல்லி நாலு வருஷமா நானும்தான் கேக்கறேன்" என்றாளாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொரு தடவ எழுதலாம். அதுலயும் முத்திரை இல்லாம வந்தீங்கன்னா, இந்த வருஷம் முழுக்க உங்க பேரை நான் எழுத முடியாது" என்றாளாம்.

அந்த இன்னொரு தடவை போன மாதம் வந்தது. தொலைவில் ஒரு பெரிய மரச்சாமான் கிடங்கு. மெத்தை சோதிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அவர் தொழிலுக்கென்றே வந்த வேலை. இனி இப்படி ஒன்று எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. மனைவி முதல் நாள் சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த ஊரில் என் தங்கை இருக்கிறாள். நான் அவளைப் பார்த்து வருஷமாகிறது என்பதை எனக்கே ஞாபகப்படுத்தியவள் இவள்தான்.

"தங்கச்சியப் பாக்கப் போற மாதிரி நீங்களும் கூடப் போயிட்டு வாங்கக்கா. எனக்கு லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. இந்த மனுஷன் கண்ண மூடினா கிள்ளிடுங்க. சட்டைக்கு மேல கிள்ளாதீங்க, உறைக்காது."

"பாவம்டி."

"பாவமெல்லாம் முத்திரை வாங்கினப்புறம் பாத்துக்கலாம்."

விடிந்தும் விடியாத பஸ். ஏரிக்கரை வரை போகிற அதே பஸ்தான். வெளியே பனி, தெரு விளக்குகள் அதற்குள் ஊறிக் கரைந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் பாதி இருக்கை காலி. நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மெத்தைக்காரர் உட்காரவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, சீப்பின் கோடு தெரிகிற தலை, மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்றார். நடத்துனர் வந்தார், பார்த்தார், அடையாளம் கண்டுகொண்டார்.

"சார், சீட்டுதான் காலியா இருக்கே, உக்காருங்க."

"உக்காந்தா உங்க ஏரிக்கு வந்துடுவேன் தம்பி."

"வாங்களேன். இன்னைக்கு வெயில் வந்தா நல்லா இருக்கும்."

"வேலை கிடைக்கட்டும். வீட்டுக்காரியையும் கூட்டிட்டு டிக்கெட் எடுத்தே வரேன்."

ஊர் கடந்தது. பனிக்குள்ளிருந்து ஒரு வேலி வந்து கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்துவிட்டு மறைந்தது. ஒரு வீட்டு ஜன்னல் மஞ்சளாக, அதில் யாரோ பல் துலக்கிக்கொண்டே எங்களைப் பார்த்தார்கள். பஸ்ஸின் முனகல் ஒரே சுருதியில் இருந்தது. தூக்கத்தை விரட்ட மெத்தைக்காரர் என்னிடம் பேசிக்கொண்டே வந்தார். பழைய தொழிற்சாலை கனவில் இன்னும் ஓடுகிறதாம். எல்லாரும் வரிசையாகப் படுத்திருக்கிறார்களாம். மேலாளர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து வந்து, ஒவ்வொருவருக்காகப் போர்த்திவிட்டுப் போகிறாராம். "எனக்கு மட்டும் போர்த்தலக்கா. நீ வேலையில இருக்கன்னு சொல்றார்." அதற்கப்புறம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தேன். பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, நம்ம நிறுத்தம்" என்றார் மெத்தைக்காரர். கிள்ளுவதற்கென்று வந்தவளை அவர் எழுப்பினார். முழு வழியும் நின்றதில் அவர் கால் நடுங்குவது பேன்ட்டின் மேலேயே தெரிந்தது. "வீட்ல சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க" என்றார்.

கிடங்கு பெரிது, நாங்கள் பேசினால் எங்கள் குரல் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்தது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அவர் முத்திரைத் தாளை இரண்டு கையாலும் நீட்டினார். வேலை கேட்டு வந்த இடத்தில் பஸ் காசுக்கு அத்தாட்சி கேட்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது, காது சிவந்துவிட்டது. "முடிச்சுட்டு வாங்க, வெச்சுத் தரேன். முடிக்காம வெக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அவள். தங்கை வீட்டுக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே கண்ணாடிச் சுவர். கதவு திறந்தே இருந்தது.

முன்னால் போன இரண்டு பேர் இளைஞர்கள். இருவரிடமும் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி கேட்டு அனுப்பினார்கள். மெத்தைக்காரர் போனதும், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட மேற்பார்வையாளப் பெண் அவருடைய பழைய வேலை விவரத்தைப் படித்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். பேனாவை மூடினாள்.

"உங்ககிட்ட கேள்வி எதுக்குங்க? அதோ இருக்கு, படுத்துப் பாருங்க. நான் ஒரு டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும். எங்க எங்க குறைன்னு சொல்லுங்க போதும்."

அறையின் நடுவில் உறை பிரித்த புது மெத்தை, வெள்ளையாக, மேலே கூரைக் கண்ணாடி வழியாக விழுந்த வெயிலில் கிடந்தது. விடியலிலிருந்து நின்ற மனுஷன். நல்ல வெயில். டீ குடிக்க எவ்வளவு நேரமாகும்? நான் எழுந்து கதவருகே போனேன். உள்ளே போய்க் கிள்ள முடியுமா?

அவர் குனிந்து செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்தார். ஏறினார். முதலில் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியாகத் தலை என்று தன்னைத் தவணை தவணையாக அதன்மேல் இறக்கினார். மெத்தை ஒரு பெருமூச்சு விட்டது. அவர் முகம் தளர்ந்தது. இமைகள் இறங்கின, பாதியில் நிற்காமல் முழுவதும் மூடிக்கொண்டன. அதே சமயத்தில் அவருடைய வலது கை மட்டும் தோளிலிருந்து மெல்லக் கிளம்பி, நேராக மேலே எழுந்து, கூரையைப் பார்த்து விரலெல்லாம் விரிந்தபடி நின்றது.

வாசல்வரை போய்விட்ட மேற்பார்வையாளப் பெண் திரும்பிப் பார்த்தாள். "கை எதுக்குங்க?"

"அது காவலுக்குங்க" என்றார், கண்ணைத் திறக்காமல். "விழுந்துச்சுன்னா நான் தூங்கிட்டேன்னு அர்த்தம். நீங்க டீ குடிச்சுட்டு வாங்க."

அவள் போகவில்லை. நானும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது ஆளாக வரவேற்புப் பெண்ணும் முத்திரைக் கட்டையோடு எழுந்து வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். உள்ளே வெயில் மெத்தையின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. மெத்தைக்காரரின் மார்பு சீராக ஏறி இறங்கியது. கை ஒரு முறை, காற்றில்லாத இடத்தில் ஒரு செடி அசைவதுபோல, லேசாகச் சாய்ந்தது; பிறகு தானாகவே நிமிர்ந்துகொண்டது.